சீமைச்சுண்ணாம்பின் சீமை



பள்ளிக்கூடத்துக் கரும்பலகையில் ஆசிரியர் எழுதும் வெண்ணிறக் குச்சிக்குத் தமிழில் 'சீமைச்சுண்ணாம்பு' என்று பெயர். கிளிஞ்சலையும் சுண்ணாம்புக்கல்லையும் சூளையில் சுட்டு நீற்றிய சுண்ணாம்பு நம்மிடம் தொன்றுதொட்டு உண்டு. வெற்றிலைக்கும் அதுவே, வீட்டுச் சுவருக்கும் அதுவே. இதுவோ கடல் கடந்து வந்த பொருள். ஆகவே சீமையெண்ணெய் போலவே இதன் பெயரிலும் 'சீமை' என்னும் அடை ஒட்டிக்கொண்டது. இன்று கடைகளில் விற்கும் எழுதுகுச்சி பெரும்பாலும் ஜிப்சத்தால் செய்யப்படுவது. பொருள் மாறிவிட்டது, பெயர் மட்டும் பழைய ஊரை மறக்கவில்லை. பிழைப்பின்பொருட்டு ஊர்விட்டு ஊர் வந்தும், பெயரின் முன்னெழுத்துகளில் சொந்த ஊரையும் தந்தையையும் சுமந்து திரியும் நம்மைப் போன்றவர்களுக்கு இது விளங்காத செய்தி அன்று.

அந்தச் சீமையில், இச்சுண்ணாம்பு மலையாகவே நிற்கும் ஓர் இடத்திற்கு இன்று மனத்தளவில் நடந்து வருவோம். வழிநெடுக நாம் கேட்கப்போவது ஒரே கேள்விதான்: பிறருக்குச் சொந்தமான நிலத்தின்மேல் நடந்து செல்லும் உரிமை பொதுமக்களுக்கு எவ்வாறு கிடைத்தது?

இக்கேள்வி நம் மனத்தில் எழுந்தது அலுவலக மேசையருகில். சட்டப் பகுதி ஒன்றைத் தமிழாக்கும்போது 'வழியுரிமை' என்னும் சொல்லை எழுதிவிட்டுச் சற்றுநேரம் பேனாவை வைத்துவிட்டோம். உரிமை என்றால் உடைமை என்றே நம் மனம் பழகியிருக்கிறது. வீட்டுக்குரியவன், நிலத்துக்குரியவன் என்கிறோம். ஆனால் வழியுரிமை உடையவனுக்கு அந்த வழியில் ஒரு பிடி மண்கூடச் சொந்தமில்லை. கடந்து செல்லலாம், அவ்வளவுதான். கடந்து செல்வதையே ஓர் உரிமையாக வகுத்த அந்தச் சட்ட மரபு எந்த மண்ணில் வேர்விட்டது என்று தேடப்போய், சசெக்ஸ் கடற்கரைக்கு வந்து சேர்ந்தோம்.

இங்கிலாந்தின் தென்கரையில் உள்ளது சசெக்ஸ். அங்கே கடலை ஒட்டி மேற்குக் கிழக்காக நீளும் குன்றுத்தொடருக்குச் 'சௌத் டவுன்ஸ்' என்று பெயர். ஆங்கிலத்தில் 'டவுன்' என்றால் கீழே என்றுதான் நாம் படித்திருக்கிறோம். மூச்சு வாங்க ஏறிச் செல்லவேண்டிய குன்றுகளுக்கு அப்பெயர் எப்படி வந்தது? பழைய ஆங்கிலத்தில் குன்றைக் குறித்த 'தூன்' என்ற சொல்லே இப்படித் திரிந்து நிற்கிறது. இத்தொடரின் கிழக்கு முனை ஈஸ்ட்பர்ன் என்னும் நகருக்கு அருகில் கடலைச் சந்திக்கிறது. சரிந்து இறங்கவேண்டிய குன்று அங்கே வெண்ணெயைக் கத்தியால் அறுத்தாற்போல் சட்டென்று முடிகிறது. அறுபட்ட முகம் முழுவதும் வெள்ளை.

அந்த வெண்மையின் வரலாறு வியப்புக்குரியது. தாமஸ் ஹென்றி ஹக்ஸ்லி என்ற அறிவியலறிஞர் 1868-இல் நார்விச் நகரத்துத் தொழிலாளர்களுக்கு ஒரு சொற்பொழிவு ஆற்றினார். தச்சர் தம் காற்சட்டைப்பையில் வைத்திருக்கும் ஒரு துண்டுச் சீமைச்சுண்ணாம்பையே அவர் பேச்சுப் பொருளாக எடுத்துக்கொண்டார். கல்லூரி வாசலை மிதியாத மக்களிடம், அவர்கள் கையிலுள்ள பொருளைக் கொண்டே உலகின் வயதைப் பேசிய அந்த உரை அறிவியல் வரலாற்றில் நிலைத்துவிட்டது.

ஏறத்தாழ 10 கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கி 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன்வரை, ஐரோப்பாவின் பெரும்பகுதியை வெதுவெதுப்பான கடல் மூடியிருந்தது. அக்கடலில் மிதந்து வாழ்ந்த நுண்பாசிகள் தம் உடலைச் சுற்றிச் சுண்ணத் தகடுகளைப் பூண்டிருந்தன. ஒரு தகட்டின் அகலம் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் சில பங்கே. அவை மடிந்தபின் தகடுகள் கடலடியில் படிந்தன. ஆயிரம் ஆண்டுகளில் சேர்ந்த கனம் ஓரிரு சென்டிமீட்டர் மட்டுமே. கடற்பஞ்சுகள் விட்டுச்சென்ற மணற்சத்து ஆங்காங்கே கெட்டிப்பட்டு, கருநிறச் சிக்கிமுக்கிக் கல்லாக வரிசை வரிசையாய் இடையே அமைந்தது. பின்னர், ஆல்ப்ஸ் மலைகளை எழுப்பிய அதே நிலவியல் அழுத்தம் இக்கடலடியையும் மேலே தூக்கியது. கண்ணுக்குத் தெரியாத உயிர்கள், கணக்கிடமுடியாத எண்ணிக்கையில் கூடி எழுப்பிய மலை இது. இச்செய்தியை நேயர்கள் மனத்தில் வைத்துக்கொள்ளவேண்டும். நம் கேள்விக்கான விடையும் ஏறக்குறைய இதே வகையில்தான் அமைகிறது.

ஈஸ்ட்பர்னிலிருந்து மேற்கு நோக்கி நடையைத் தொடங்குவோம். முதலில் ஏறும் முகடு 'பீச்சி ஹெட்'. கடற்கரை என்னும் பொருள்தரும் ஆங்கிலச் சொல்லுக்கும் இதற்கும் தொடர்பில்லை. 'அழகிய தலை' எனப் பொருள்படும் பழைய பிரெஞ்சுத் தொடரே ஆங்கில நாவில் இவ்வாறு சிதைந்தது. கடல்மட்டத்திலிருந்து 162 மீட்டர், அதாவது 530 அடி உயரம். பிரிட்டனில் கடலோரச் சுண்ணப்பாறைகளுள் இதுவே மிக உயரமானது. அடியில், கடலுக்குள், சிவப்பும் வெள்ளையுமாக நிற்கும் கலங்கரைவிளக்கம் 1902-இல் ஏற்றப்பட்டது. மேலிருந்து பார்த்தால் அது சிறுவர் விளையாட்டுப் பொருள்போலத் தோன்றும்.

அதற்கு முன்பு விளக்கேற்றிய 'பெல் டூட்' கலங்கரைவிளக்கம் சற்று மேற்கே, பாறையின் உச்சியிலேயே இருக்கிறது. 1834 முதல் அங்கே விளக்கு எரிந்தது. மூடுபனி எழும் நாட்களில் உச்சியிலிருந்த ஒளி கப்பல்களின் கண்ணுக்குப் படவில்லை. ஆகவேதான் புதியதைக் கீழே கடலில் கட்டினர். பிற்காலத்தில் பாறை உதிர்ந்து உதிர்ந்து விளிம்பு அக்கட்டடத்தின் வாசலை நெருங்கியது. 1999-இல் 850 டன் எடையுள்ள அந்தக் கட்டடத்தை அப்படியே தூக்கி, தண்டவாளம்போன்ற உத்திரங்களின்மேல் நகர்த்தி, 17 மீட்டர் உள்ளே கொண்டுவந்து நிறுத்தினர்.

இந்த முகடுகளில் காலடியில் மிதிபடும் புல் தனித்தன்மை வாய்ந்தது. ஆட்டு மந்தைகளும் முயல்களும் நூற்றாண்டுக் கணக்கில் மேய்ந்து மேய்ந்து, புல்லைக் கம்பளம்போல் ஆக்கியிருக்கின்றன. ஒரு சதுர மீட்டரில் 40 வகைச் செடிகள்வரை எண்ணலாம். உழவன் ஏர் பூட்டியிருந்தால் இது இருந்திராது. மேய்ப்பவன் கைவிட்டிருந்தால் முட்புதர் மூடியிருக்கும். மனிதனும் ஆடும் சேர்ந்து நடந்து காத்த நிலம் இது. இப்புல்வெளியை விலைகொடுத்து வாங்கிக் கட்டடம் எழுப்ப முனைந்த ஒரு காலமும் வந்தது.

முதல் உலகப்போருக்குப் பின் விளைபொருள் விலை சரிந்தது. நிலவுடைமையாளர் பலர் குன்று நிலங்களை விற்க முற்பட்டனர். மோட்டார் வண்டி பெருகியதால் நகரத்தார் கடலோரத்தில் வீடு தேடினர். சற்று மேற்கே, அதே சுண்ணப்பாறை விளிம்பில், சார்லஸ் நெவில் என்ற தொழில்முனைவர் 1916-இல் ஒரு புது நகரைத் தொடங்கியிருந்தார். சதுரங்கக் கட்டம்போல மனைகள் பிரிக்கப்பட்டன. 'பீஸ்ஹேவன்', அதாவது அமைதித் துறை, என்பது அதற்கு இடப்பட்ட பெயர். போரிலிருந்து திரும்பியவர்களும் நகரத்து நெரிசலில் வாடியவர்களும் அங்கே சிறு வீடு கட்டிக்கொண்டனர். அவர்களைக் குறைகூறுதல் முறையன்று. தலைக்குமேல் ஒரு கூரை வேண்டும் என்று விரும்புவது குற்றமாகாது. ஆனால் அதே கட்டங்கள் கிழக்கே தொடர்ந்து வந்தால், பாறைமுனையில் பொதுவாக நடந்த பாதை தனியார் தோட்டங்களின் பின்சுவருக்குள் மறைந்துவிடும் என்பது அவ்வட்டாரத்தாருக்குத் தெளிவாகப் புலப்பட்டது.

அவர்கள் எழுந்தனர். சௌத் டவுன்ஸ் குன்றுகளைக் காப்பதற்கென 1923-இல் ஒரு சங்கம் தோன்றியது. 1926-இல் 'கிரௌலிங்க்' என்னும் பகுதி மனைகளாகும் அபாயம் வந்தபோது, சங்கத்தார் பொதுமக்களிடம் நன்கொடை வேண்டி நிதி திரட்டினர். நிலம் மீட்கப்பட்டது, இன்று அது தேசிய அறக்கட்டளையின் பாதுகாப்பில் உள்ளது. ஈஸ்ட்பர்ன் நகராட்சியும் அதே 1926-இல் பாராளுமன்றத்தில் தனிச் சட்டம் ஒன்றை நிறைவேற்றிக்கொண்டு, 1929-இல் பீச்சி ஹெட்டைச் சூழ்ந்த 4,000 ஏக்கருக்கும் மேற்பட்ட நிலத்தை ஏறத்தாழ 91,000 பவுனுக்கு வாங்கியது. குடிநீர் காக்கவும், மக்கள் உலவவும் என்றென்றைக்கும் திறந்தவெளியாக வைப்பதே நோக்கம். வரி செலுத்திய எளிய மக்களின் காசே அந்த விலை.

கிரௌலிங்க் நிலத்தின் கடல்முகம்தான் 'ஏழு சகோதரிகள்' எனப் புகழ்பெற்ற வெண்பாறை வரிசை. பர்லிங் கேப் என்னும் இடுக்கிலிருந்து ஒன்றன்பின் ஒன்றாக எழுந்து தாழ்ந்து செல்லும் முகடுகள் அவை. பெயர் ஏழு, நடப்பவர் எண்ணினால் சிறியது ஒன்று கூடி எட்டாகும். பனியூழிக் காலத்தில் நிலத்தடி உறைந்து இறுகியதால், நீரை உறிஞ்சும் சுண்ணப்பாறையும் நீர் புகாததாயிற்று. உருகிய பனிநீர் மேலே ஓடிப் பள்ளத்தாக்குகளை அறுத்தது. பின்பு உறைநிலை நீங்க, நீர் பழையபடி பாறைக்குள் இறங்கிவிட்டது. பள்ளத்தாக்குகள் மட்டும் வறண்டு நின்றன. கடல் முன்னேறி வந்து அவற்றைக் குறுக்கே வெட்டியது. அந்த வெட்டுமுகமே இன்று நாம் காணும் ஏற்றமும் இறக்கமும். ஒவ்வொரு முகட்டிலும் 'இதுவே கடைசி' என்று எண்ணி ஏறுகிறவனுக்கு அடுத்தது எதிரே தோன்றும். முழங்கால் இதை நன்கு அறியும்.

இப்பாறை வெண்மையாக இருப்பதற்குக் காரணம் அது தேய்ந்துகொண்டே இருப்பதுதான். உதிராத பாறையின்மேல் புல் முளைத்து நிறம் மங்கிவிடும். உதிர்வதனால்தான் என்றும் புதுச் சுண்ணாம்பு பூசியதுபோல் விளங்குகிறது. 2016-இல் வெளியான ஓர் ஆய்வு இதைக் கணக்கிட்டது. கடந்த சில ஆயிரம் ஆண்டுகளாக ஆண்டுக்கு 2 முதல் 6 சென்டிமீட்டர் வரை பின்வாங்கிய இக்கரை, அண்மைய 150 ஆண்டுகளில் ஆண்டுக்கு 22 முதல் 32 சென்டிமீட்டர் வரை பின்வாங்கியிருக்கிறது. அடிவாரத்தில் அலையின் வேகத்தைத் தாங்கிய கூழாங்கற் கரை மெலிந்துபோனதை முக்கியக் காரணமாக ஆய்வாளர் காட்டுகின்றனர். பர்லிங் கேப்பில் கடலோரக் காவலர்க்கெனக் கட்டிய வீட்டு வரிசையில் கடற்பக்கத்து வீடுகள் ஒவ்வொன்றாக இடிக்கப்பட்டுவிட்டன.

அப்படியானால் பாதை என்னவாகும்? காலடி மண்ணே கடலில் விழுந்தபின் வழியுரிமை எதன்மேல் நிற்கும்? இக்கேள்விக்குச் சட்டம் கண்ட விடை நுட்பமானது. 2009-இல் இயற்றப்பட்ட கடல், கடற்கரை அணுகுச் சட்டம், இங்கிலாந்தின் கரை முழுவதும் ஒரு நடைபாதை அமைய வழிசெய்தது. கரை பின்வாங்கினால் பாதையும் உடன் பின்வாங்கலாம் என்னும் ஏற்பாட்டையும் அதில் சேர்த்தனர். உரிமையை மண்ணோடு பிணைக்காமல், மண்ணுக்கும் கடலுக்கும் இடையிலுள்ள எல்லையோடு பிணைத்துவிட்டனர். எல்லை நகர்ந்தால் உரிமையும் நகரும்.

ஏழாவது முகட்டிலிருந்து இறங்கினால் கக்மியர் ஆற்றின் முகத்துவாரம். சசெக்ஸ் கரையில் ஆறுகள் கடல்சேரும் மற்ற இடங்களில் துறைமுகமும் ஊரும் அமைந்துவிட்டன; இங்கே மட்டும் நகரம் இல்லை. 18-ஆம் நூற்றாண்டில் கள்ளக்கடத்தல்காரர்க்கு இத்தனிமை மிகவும் உதவியது. பாம்புபோல் வளைந்து வளைந்து செல்லும் நீர்க்கோடுகளைப் பார்த்து ஆறு என்று மகிழ்கிறோம். ஆனால் அது ஆறு அன்று. வெள்ளம் விரைவில் வடிவதற்காக 1846-இல் நேரான கால்வாய் ஒன்றை வெட்டி ஆற்றை அதன்வழியே திருப்பிவிட்டனர். வளைவுகளில் தேங்கிய நீர் மட்டுமே எஞ்சியது. கரைகளைத் தொடர்ந்து பழுதுபார்த்துக் காப்பதா, ஆற்றை அதன் போக்கில் விட்டு உப்பங்கழியாக மாறவிடுவதா என்பதைப் பற்றி அங்கே நெடுங்காலமாக வாதம் நடந்துவருகிறது. இருபுறமும் அன்பு கொண்டவர்களே வாதிடுகின்றனர் என்பதால் தீர்ப்பு எளிதாக இல்லை.

ஆற்றோரமாக மேலே நடந்தால் ஆல்ஃபிரிஸ்டன் என்னும் சிற்றூர். அங்கே 14-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த கூரைவேய்ந்த பாதிரியார் வீடு ஒன்று உண்டு. இடியும் நிலையிலிருந்த அதைத் தேசிய அறக்கட்டளை 1896-இல் 10 பவுனுக்கு வாங்கியது. அந்த நிறுவனம் வாங்கிய முதல் கட்டடமே இதுதான். அவ்வீட்டின் கூடத்துத் தரை, சீமைச்சுண்ணாம்பை இடித்துப் பரப்பி, புளித்த பாலால் மெழுகப்பட்டது. சாணமிட்டு மெழுகிய தரையில் தவழ்ந்து வளர்ந்த நமக்கு இந்தக் கைவேலை அந்நியமாகத் தோன்றாது. எந்த மண் காலடியில் கிடைத்ததோ அதைக் கொண்டே வீடு சமைத்தல் எந்நாட்டுக் குடியானவர்க்கும் பொது.

இனி, நம் கேள்விக்கு வருவோம். இங்கிலாந்தின் சட்ட மரபில், ஒருமுறை பொதுவழியானது என்றென்றும் பொதுவழியே என்பது பழைய கொள்கை. ஆனால் பொதுவழி என்று மெய்ப்பிப்பது எப்படி? 1932-இல் இயற்றப்பட்ட வழியுரிமைச் சட்டம் இதை எளிதாக்கியது. 20 ஆண்டுகள் தடையின்றி மக்கள் ஒரு வழியில் நடந்திருந்தால், உடையவர் அதைப் பொதுவுக்கு விட்டுவிட்டார் என்றே கொள்ளப்படும். அதாவது ஆவணம் எழுதுவது பேனா அன்று, கால்கள். சந்தைக்கும் கோயிலுக்கும் ஆட்டுப்பட்டிக்கும் போன எண்ணற்ற மனிதர், தாம் ஓர் உரிமையை உண்டாக்குகிறோம் என்று அறியாமலே நடந்து அதை உண்டாக்கிவிட்டனர். நுண்பாசிகளின் தகடுகள் படிந்து மலையானதைப் போலவே காலடிகள் படிந்து சட்டமாயின.

அச்சட்டம் வழிகளுக்கு மட்டுமே பொருந்தியது. திறந்த வெளியில் உலவ உரிமை தரவில்லை. அதே 1932, ஏப்ரல் 24-ஆம் நாள், வடக்கே டெர்பிஷயரில் 'கிண்டர் ஸ்கௌட்' என்னும் மேட்டுநிலத்தில், மான்செஸ்டர் போன்ற தொழில்நகரத்து இளைஞர் நூற்றுக்கணக்கில் கூடி, வேட்டைக்கென மூடிவைக்கப்பட்டிருந்த நிலத்திற்குள் நடந்தனர். ஐவருக்குச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. அத்துமீறி நடந்ததற்காக அன்று. கலகக் கூட்டம் கூடியது என்னும் குற்றத்துக்காக. தண்டனையின் கடுமை நாட்டின் மனச்சான்றைத் தைத்தது. 1949-இல் தேசியப் பூங்காக்கள், நாட்டுப்புற அணுகுரிமை பற்றிய சட்டம் நிறைவேறியது. ஒவ்வொரு வட்டாரத்திலும் பொதுவழிகளைத் தேடி வரைபடத்தில் பதிவுசெய்யும் பணியும் அதன்படி தொடங்கியது. 2000-இல் வந்த இன்னொரு சட்டம், குறிக்கப்பட்ட திறந்தவெளிகளில் பாதை விட்டு விலகியும் நடக்கலாம் என்றது.

நாம் நடக்கும் இக்குன்றுகளுக்கு வெற்றி உடனே கிட்டவில்லை. 1947-இல் தேசியப் பூங்காவாகத் தகுந்தவை எனப் பரிந்துரைக்கப்பட்ட பன்னிரண்டு இடங்களில் சௌத் டவுன்ஸும் ஒன்று. ஆனால் இரண்டாம் உலகப்போரின்போது உணவுப் பற்றாக்குறையால் பழைய புல்வெளிகளில் பெரும்பகுதியை உழுதுவிட்டிருந்தனர். நடந்து திரியத் திறந்தவெளி போதவில்லை என்று கூறி 1956-இல் அக்கோரிக்கையைத் தள்ளினர். இங்கே ஒரு முரணைக் காணலாம். 1942-இல், எதற்காகப் போரிடுகிறோம் என்று மக்களுக்கு உணர்த்த அரசு வெளியிட்ட சுவரொட்டி ஒன்றில், ஆடு மேய்ப்பவனும் மந்தையுமாக வரையப்பட்டிருந்தவை இதே குன்றுகள்தாம். போருக்கு அழைத்தபோது காட்டிய நிலத்தை, போர் முடிந்தபின் பூங்காவாக்கத் தயங்கினர். 1972-இல் 'சௌத் டவுன்ஸ் வே' என்னும் நெடும்பாதை திறக்கப்பட்டது. பின்னர் வின்செஸ்டர்வரை நீட்டப்பட்டு, இப்போது அதன் நீளம் 100 மைல். 2010-இல்தான் தேசியப் பூங்கா அமைந்தது. பரிந்துரைக்கும் நிறைவேற்றத்துக்கும் இடையே 63 ஆண்டுகள்! முதலில் மனு எழுதியவர்களில் பெரும்பாலோர் அதைக் காண இருந்திருக்கமாட்டார்கள்.

அந்நெடும்பாதை நம்மை ஊஸ் ஆற்றுப் பள்ளத்தாக்குக்குள் இறக்கி, மீண்டும் மேற்கே ஏற்றுகிறது. அதன் வடக்கே தோன்றும் லூயிஸ் நகரத்துக்கு மேலுள்ள குன்றில்தான், 1264-இல் சைமன் டி மான்ட்ஃபர்ட் மூன்றாம் ஹென்றி அரசனை வென்றார். அடுத்த ஆண்டு அவர் கூட்டிய அவை, நகரத்துப் பிரதிநிதிகளும் இடம்பெற்ற பாராளுமன்றமாக வரலாற்றில் நின்றது. அதே நகரில் 1768 முதல் 1774 வரை கலால் அலுவலராகச் சம்பளம் வாங்கிக்கொண்டு, மாலைவேளைகளில் நண்பர்களுடன் அரசியல் வாதிட்டவர் தாமஸ் பெயின். பின்னாளில் மனித உரிமைகளைப் பற்றி உலகறிய எழுதியவரும் முதலில் ஓர் அரசாங்கச் சிப்பந்தியே என்பது நமக்குச் சிறிது ஆறுதல் தரும்.

மேலும் மேற்கே டிச்சிலிங் பீக்கன் என்னும் முகடு. அதைக் கடந்தபின், தெற்கே பிரைட்டன் நகரை நோக்கி ஒரு பாதை கிளைக்கிறது. அதில் இறங்கிச் சென்றால், பேட்சம் என்னும் ஊருக்கு மேலே, மேய்ச்சல் நிலத்தின் நடுவில் வெண்பளிங்குக் குவிமாடம் ஒன்று எட்டுத் தூண்களின்மேல் நிற்கக் காணலாம். 'சத்ரி' என்று அதற்குப் பெயர். குடை என்று பொருள். இங்கிலாந்துக் குன்றின்மேல் இந்தியக் குடை வந்தது எவ்வாறு?

1914-இல் பிரான்சின் போர்முனைக்கு அனுப்பப்பட்ட இந்தியப் படையினரில் காயமுற்றோர் பலர் பிரைட்டனுக்குக் கொண்டுவரப்பட்டனர். இந்தியக் குவிமாடங்களின் சாயலில் நான்காம் ஜார்ஜ் மன்னன் கட்டிய அரண்மனையும், அருகிலிருந்த ஒரு பள்ளியும், ஏழைகள் விடுதி ஒன்றும் மருத்துவமனைகளாயின. 1916-இன் தொடக்கம்வரை ஏறத்தாழ 12,000 இந்தியர் இந்நகரில் சிகிச்சை பெற்றனர். அவரவர் சமய, சாதி வழக்கத்துக்கேற்ப அரண்மனையில் ஒன்பது அடுக்களைகள் அமைந்தன. அம்மருத்துவமனையின் சிறப்பைக் கூறும் நூல் ஒன்று ஆங்கிலம், குர்முகி, உருது ஆகிய மூன்று வடிவங்களில் அச்சிடப்பட்டது. இவ்வளவு உபசாரத்துக்கு இடையிலும் ஒன்று மறுக்கப்பட்டது. நகருக்குள் தம் விருப்பப்படி நடந்து செல்லும் உரிமை அவர்களுக்கு இல்லை. துணைக் காவலோடு அழைத்துச் செல்லும்போது போகலாம். ஏழைகள் விடுதியிலிருந்த மருத்துவமனைக்கோ முள்வேலியும் காவலும் இருந்தன. கடல்கடந்து வந்து காயம்பட்ட காலுக்கு, தெருவில் நடக்க அனுமதி இல்லை.

அவர்கள் வீட்டுக்கு எழுதிய கடிதங்களில் இக்குறையும் உண்டு. அக்கடிதங்களின் மூலங்கள் பெரும்பாலும் மறைந்துவிட்டன. போர்த் தணிக்கையாளரின் மொழிபெயர்ப்பாளர்கள் ஆங்கிலத்தில் பெயர்த்து அறிக்கையில் சேர்த்த பகுதிகளே இன்று லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. கண்காணிப்பதற்காகச் செய்த மொழிபெயர்ப்பு, கண்காணிக்கப்பட்டவரின் குரலைக் காக்கும் பேழையாயிற்று. எந்தத் தாளையும் அலட்சியமாக மொழிபெயர்க்கலாகாது என்று நமக்கு நாமே சொல்லிக்கொள்ள இஃது ஒன்றே போதும்.

மருத்துவமனைகளில் இறந்தோருள் இந்துக்களும் சீக்கியரும் இக்குன்றின்மேல் தகனம் செய்யப்பட்டனர். சாம்பல் கடலில் கரைக்கப்பட்டது. முஸ்லிம் வீரர்கள் வோக்கிங் நகரில் அடக்கம் செய்யப்பட்டனர். தகனம் நிகழ்ந்த இடத்தில் நினைவுச்சின்னம் வேண்டும் என்று முதலில் கேட்டவர் மருத்துவப் பணியிலிருந்த தாஸ் குப்தா என்னும் இந்திய அலுவலர். பம்பாயைச் சேர்ந்த ஈ. சி. ஹென்ரிக்ஸ் அதை வடிவமைத்தார். 1921, பிப்ரவரி 1-ஆம் நாள் வேல்ஸ் இளவரசர் திறந்துவைத்தார். தகன மேடைகள் இருந்த இடத்தில் மூன்று கருங்கற் பாளங்கள் கிடக்கின்றன. 2010-இல் அருகே ஒரு சுவர் எழுப்பி, 53 பேரின் பெயர்களைப் பொறித்தனர். தகனம் நடந்து 95 ஆண்டுகள் கழித்தே அப்பெயர்கள் கல்லில் ஏறின. ஒவ்வோர் ஆண்டும் ஜூன் மாதத்தில் மக்கள் அங்கே கூடி அஞ்சலி செலுத்துகின்றனர்.

சத்ரிக்கு மோட்டார்ச் சாலை கிடையாது. இந்தியாவிலிருந்து செல்லும் விருந்தினரானாலும், அவ்வூர் முதியவரானாலும், பொதுப்பாதை வழியே ஒரு மைலுக்கு மேல் நடந்துதான் சேரவேண்டும். இருபுறமும் தனியார் மேய்ச்சல் நிலம், ஆடுகள் தலைதூக்கிப் பார்க்கும், எவரும் தடுக்கமாட்டார்கள். கீழே, அன்று அவ்வீரர்கள் தனித்து நடக்க விடப்படாத நகரம் தெரியும். அதற்கு அப்பால் அவர்கள் சாம்பலை ஏற்ற கடல். காலடியில், மழைக்காலமாயின், செருப்பில் வெள்ளையாக ஒட்டும் சீமைச்சுண்ணாம்பு.